முகம் எந்தப் பக்கம்? தேர்தல் பேனர்களில் கலை செய்யப் போன ஒரு கடற்கரை ஊரின் அனுபவம்

2024 மார்ச்சில் தொடங்கி நவம்பர் வரை, ராமநாதபுரம் மாவட்டத்தில் மண்டபத்துக்கு மேற்கே, வடகடல் ஓரமாக உள்ள ஒரு மீனவ ஊரில் நடந்ததை இங்கே எழுதுகிறேன். தேர்தலுக்குப் பின் யாருக்கும் வேண்டாமல் போன, தலைவர்கள் படம் போட்ட ஃபிளெக்ஸ் பேனர்களை எடுத்து நவீனக் கலைப்பொருளாக மாற்றப் பார்த்தோம். சிலது தேறியது, சிலது தேறவில்லை. ஊர், ஆட்கள், கட்சிகள் எதன் பெயரையும் சொல்லப்போவதில்லை. நான் அரசுப் பள்ளி ஒன்றில் ஓவிய ஆசிரியராக இருந்து ஓய்வு பெற்றவன். இந்த வேலையில் கணக்கு எழுதியதும், சண்டை வந்தபோது நடுவில் நின்றதும் நான்தான்.

பின்னணி

யோசனை என்னுடையது இல்லை. கும்பகோணம் அரசு கவின்கலைக் கல்லூரியில் படித்துவிட்டு ஊருக்குத் திரும்பியிருந்த இளைஞர் ஒருவருடையது. அவரை இந்தப் பதிவில் ஓவியர் என்று குறிப்பிடுகிறேன். அவரோடு சேர்ந்தவர் அறுபதைத் தாண்டிய ஒரு பேனர் ஆர்ட்டிஸ்ட். ஃபிளெக்ஸ் வருவதற்கு முன்னால் இந்தப் பக்கத்துத் தேர்தல்களுக்கு, துணியிலும் பிளைவுட்டிலும் கட்டம் போட்டு இருபது அடி முகங்களை வரைந்தவர். 2000-க்குப் பிறகு சில வருடங்களிலேயே அந்தத் தொழில் படுத்துவிட்டது. பிறகு கடைகளின் ஷட்டரில் பெயர் எழுதினார், படகுகளுக்கு நம்பர் எழுதினார். இந்த இருவரைத் தவிர, கடலில் மூங்கில் மிதவை போட்டுப் பாசி வளர்க்கும் பெண்கள் ஏழு பேர். அவர்களில் மூவருக்குப் பனை ஓலை முடையத் தெரியும்.

பேனரைப் பற்றிப் பேசினால் சட்டத்தைத் தொடாமல் முடியாது. பொது இடங்களை அலங்கோலப்படுத்துவதைத் தடுக்கத் தமிழ்நாட்டில் 1959-லேயே சட்டம் இருக்கிறது. உயிரோடு இருப்பவர்களின் படத்தைப் பேனரில் போடக் கூடாது என்று சென்னை உயர் நீதிமன்றம் 2017 அக்டோபரில் சொன்னது. 2018 டிசம்பரில் பேனருக்கே இடைக்காலத் தடை வந்தது. 2019 செப்டம்பரில் பள்ளிக்கரணையில் பேனர் விழுந்து ஓர் இளம்பெண் இறந்தபோது சில மாதம் ஊரெல்லாம் பேனர் இல்லாமல் இருந்தது. அப்புறம் காதுகுத்தில் தொடங்கி எல்லாம் பழையபடிதான்.

தேர்தல் அறிவித்துவிட்டால் மட்டும் கதை வேறு. 2024 மார்ச் 16 அன்று மக்களவைத் தேர்தல் தேதி வந்தது. அரசுக் கட்டடங்களில் இருக்கும் அரசியல் விளம்பரத்தை 24 மணி நேரத்திலும், பொது இடங்களில் இருப்பதை 48 மணி நேரத்திலும், அனுமதியில்லாமல் தனியார் இடத்தில் இருப்பதை 72 மணி நேரத்திலும் எடுத்துவிட வேண்டும். எடுத்தார்கள். எடுத்தது எங்கே போகிறது என்று ஓவியர் பின்னாலேயே போய்ப் பார்த்தார். பாதி, ஊருக்கு வெளியே சீமைக்கருவேலங்காட்டில் கிடந்தது. மீதி, கழற்றிய ஆட்களின் வீடுகளுக்குப் போய்விட்டது.

கரையில் கண்டது

எதையும் செய்யத் தொடங்கும் முன், ஏப்ரலில் இரண்டு வாரம் ஊரைச் சுற்றி வந்து பார்ப்பதை மட்டும் செய்தோம். இந்தப் பதிவில் எனக்கு முக்கியமாகப் படுவது இந்தப் பகுதிதான்.

ஏப்ரல் 15-லிருந்து ஜூன் 14 வரை கிழக்குக் கடற்கரையில் 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். தமிழ்நாட்டில் வாக்குப்பதிவு ஏப்ரல் 19. அதாவது, விசைப்படகெல்லாம் கரையேறி, வலையும் இன்ஜினும் வெயிலில் கிடக்கிற நேரத்தில்தான் ஊரில் ஃபிளெக்ஸ் அதிகமாகக் கிடைத்தது. வலைக்குவியலை மூடியது ஃபிளெக்ஸ். கருவாடு காய விரித்தது ஃபிளெக்ஸ். கூரைக் கிடுகின் மேலும், ஆட்டுக்கொட்டிலின் பக்கத் தட்டியிலும், தண்ணீர் டிரம்மின் மூடியிலும் அதேதான். நாங்கள் வந்து மறுபயன்பாடு சொல்லிக்கொடுக்க அங்கே எதுவும் மிச்சமில்லை. தேவைப்பட்ட இடத்தில் எல்லாம் ஊர் அதை முன்பே பயன்படுத்திக்கொண்டிருந்தது.

கவனித்துப் பார்த்ததில் ஒன்று பிடிபட்டது. எந்த வீட்டிலும் படத்தை யோசிக்காமல் போடவில்லை. முகம் எந்தப் பக்கம் இருக்க வேண்டும் என்று எல்லோருமே ஒரு முடிவு எடுத்திருந்தார்கள். கருவாட்டுக்கு வெள்ளைப் பக்கம் மேலே. மை மீனில் ஒட்டும் என்பது காரணம். கூரையில் முகம் கீழே பார்த்தால் படுக்கும்போது தலைவர் முழித்துப் பார்ப்பார், மேலே பார்த்தால் வெயிலில் சீக்கிரம் வெளுத்துப் பொரிந்துவிடும். பெரும்பாலானவர்கள் வெளுத்தால் வெளுக்கட்டும் என்று மேலே விட்டிருந்தார்கள். குளியல் மறைப்புதான் சிக்கல். பாசி எடுக்கும் ஓர் அக்கா சொன்னது:

"உள்பக்கமா முகம் இருந்தா எப்பிடி சார் நின்னு குளிக்கிறது? வெளிப்பக்கமா வச்சா, எங்க தலைவர குளிக்கிற எடத்துல கட்டுனீகளான்னு கட்சிக்காரவுக சண்டைக்கு வாராக. கடைசியில ரெண்டு பேனர வாங்கி, முகத்தோட முகம் சேத்து வச்சுத் தச்சுட்டேன்."

சேர்த்துத் தைத்திருந்த இரண்டும் எதிரெதிர்க் கட்சிகள். ஓவியர் அந்த மறைப்பின் முன் கொஞ்ச நேரம் நின்றுவிட்டு, "இதுக்கு மேல நாம என்ன சார் பண்ணப்போறோம்" என்றார். நியாயமான கேள்விதான்.

இதில் ஆட்சிக்கும் அனுபவம் உண்டு. 2021-ல் ஆட்சி மாறியபோது முந்தைய முதல்வர்களின் படம் அச்சிட்ட பள்ளிப் பைகள் லட்சக்கணக்கில் தேங்கிக் கிடந்தன. புது அரசு அவற்றை வீணாக்காமல், படத்தோடு அப்படியே மாணவர்களுக்குக் கொடுக்க முடிவு செய்தது. இரண்டு நாள் செய்தியாக ஓடியது. பிள்ளைகள் பையில் சோறும் புத்தகமும் வைத்துக்கொண்டு போனார்கள்.

எடுத்த முடிவுகளும் காரணங்களும்

முதல் முடிவு ஒரு தவறிலிருந்து வந்தது. மே மாதம் ஆர்வத்தோடு உதவ வந்த இரண்டு கல்லூரிப் பையன்கள், கரையில் கிடந்ததாக நினைத்து ஒரு பேனரைச் சுருட்டிக்கொண்டு வந்துவிட்டார்கள். அது ஒருவருடைய வலையின் மூடாக்கு. சாயங்காலம் அவர் வந்து சத்தம் போட்டதில் தப்பே இல்லை. அன்றைக்கே ஒரு விதி வைத்தோம்: பயன்பாட்டில் இருக்கிற எதையும் தொடக் கூடாது, யாராவது தானாகக் கொடுத்தால் பதிலுக்கு ஒரு புதுத் தார்ப்பாய் கொடுக்க வேண்டும். எங்கள் செலவில் பெரிய பங்கு இதற்கே போனது.

இரண்டாவது முடிவு, யார் முகம் வேண்டாம் என்பது. மறைந்த தலைவர்கள், சமுதாயத் தலைவர்கள் படம் இருக்கும் பேனர் எதையும் எடுப்பதில்லை என்று நான் பிடிவாதமாக நின்றேன். ஓவியருக்கு இது பிடிக்கவில்லை. பாதி உண்மையை விட்டுவிடுகிறோம் என்றார். ஆனால் இந்த மாவட்டத்தில் செப்டம்பரிலும் அக்டோபர் கடைசியிலும் நினைவு நாட்கள் வரும். அந்த வாரங்களில் எவ்வளவு போலீஸ் நிற்கும் என்பது இங்கே எல்லோருக்கும் தெரியும். ஒரு படத்தைக் கத்தரித்தால் அது எந்தத் தெருவில் போய் வெடிக்கும் என்று நம்மால் சொல்ல முடியாது. அதே காரணத்தால் கண்காட்சியை ஆகஸ்டுக்குள் முடித்துவிடுவது என்றும் வைத்துக்கொண்டோம்.

மூன்றாவது, சூடு கூடாது. ஃபிளெக்ஸ் என்பது பாலியெஸ்டர் நூல் வலையின் இரண்டு பக்கமும் பிவிசி பூசியது. பிவிசி பிசினில் எடைக்குப் பாதிக்கு மேல் குளோரின். அச்சுக்கடைகளில் ஓரத்தைச் சூடாக்கி ஒட்டுவார்கள். காற்றோட்டம் இல்லாத என் வீட்டுக் கூடத்தில் அதைச் செய்து, சூடு கொஞ்சம் மிஞ்சினால் ஹைட்ரஜன் குளோரைடு வரும். எரித்தால் டையாக்சினும் சேர்ந்து வரும். ஆகவே தைப்பது, முடைவது, கட்டுவது மட்டும். வீட்டுத் தையல் மிஷினில் முதல் நாளே மூன்று ஊசி உடைந்தது. பெண்கள் வலை பின்னும் ஊசியையும் தங்கூசி என்கிற நைலான் நரம்பையும் எடுத்துக்கொண்டு வந்தார்கள், வேலை நடந்தது.

நான்காவது, எல்லாக் கட்சிக்கும் சம அளவு. கேட்க நன்றாக இருக்கிறது, செய்ய முடியவில்லை. ஜூன் 4 அன்று முடிவு வந்ததும் நிலைமை தலைகீழானது. தோற்ற பக்கத்துக் கிளைக்காரர்கள், "தாராளமா எடுத்துட்டுப் போங்க" என்றார்கள். ஒருவர் ஆட்டோவில் ஏற்றியே அனுப்பினார். ஜெயித்த பக்கத்திலோ, இருந்ததும் இறங்கவில்லை, மேலே நன்றி அறிவிப்புப் பேனர்கள் வேறு ஏறின. ஜூன் கடைசியில் என்னிடம் சேர்ந்த 63 பேனரில் 40-க்கு மேல் தோற்றவர்களின் முகம். இதை அப்போதே பிரச்சினையாகப் பார்த்திருக்க வேண்டும். நான் சதுர அடிக் கணக்குப் போட்டு, அதிகமாக இருப்பதை வெள்ளைப் பக்கமாகப் பயன்படுத்தலாம் என்று எழுதி வைத்துவிட்டுத் திருப்திப்பட்டுக்கொண்டேன்.

பட்டறை நாட்கள்

ஜூலை முதல் வாரம் தொடங்கினோம். கச்சான் காற்று அடித்துக்கொண்டிருந்த நேரம். வாசலில் விரித்தால் பேனர் பறந்தது. இருபதுக்குப் பத்து அடி பேனர் ஐந்து கிலோவுக்கு மேல் இருக்கும், அதுவே பறந்தது. உப்பையும் தூசியையும் சோப்புத் தண்ணீரில் கழுவி எடுக்க ஒரு வாரம் போனது. ஒரு வருடத்துக்கு மேல் வெயிலில் கிடந்த பேனர் கழுவும்போதே உதிர்ந்தது. பிவிசியை வளைந்துகொடுக்க வைக்கும் மென்மையாக்கி வெளியேறிவிட்டால் பூச்சு வெடித்து உள்ளேயிருக்கும் நூல் தெரியும். அவற்றை ஒதுக்கினோம்.

பேனர் ஆர்ட்டிஸ்ட் வண்ணம் தீட்ட ஆசைப்பட்டார். இருபது வருடத்துக்கு அப்புறம் பெரிய பரப்பு கிடைத்திருக்கிறது. எனாமல் பெயின்டில் ஒரு அலையும் ஒரு படகும் போட்டார், நன்றாக இருந்தது. பத்து நாள் ஆகியும் காயவில்லை. தொட்டால் விரலில் பிசுபிசுத்தது. அதே மென்மையாக்கி பெயின்டுக்குள் ஏறுவதுதான் காரணம். உப்புத்தாள் போட்டுத் தேய்த்து அக்ரிலிக் பூசியது நின்றது, ஆனால் அவர் கை அக்ரிலிக்குக்குப் பழகியதில்லை. "இது சோறு மாதிரி உடனே காஞ்சு போகுது" என்று விட்டுவிட்டார். அவர் ஒதுங்கத் தொடங்கியது அன்றுதான் என்று பிறகு புரிந்தது.

ஓவியர் ஒரு நாள் எல்லோருக்கும் ஃபோனில் படங்கள் காட்டினார். பாரிசில் ழாக் வில்லெக்ளே, ரேமோன் ஆன்ஸ் என்ற இருவர், 1949-லிருந்து தெருச் சுவரில் ஒன்றன் மேல் ஒன்றாக ஒட்டிக் கிழிந்த சுவரொட்டிகளைப் பெயர்த்தெடுத்து அப்படியே கலையாகக் காட்டியவர்கள். "கிழிஞ்சத மாட்டுனா காசு தருவாகளா?" என்று ஒரு அக்கா கேட்டார். யாருக்கும் அது ஒட்டவில்லை. அடுத்து கானாவில் பிறந்து நைஜீரியாவில் வேலை செய்த எல் அனட்சூயி, மது பாட்டில் மூடித் தகடுகளைச் செப்புக் கம்பியால் கோத்துச் செய்த பிரம்மாண்டமான தொங்கல்கள். அதைப் பார்த்ததும் பேச்சே மாறியது. எத்தனை பேர் கோத்தார்கள், எந்த முடிச்சு, மடித்தால் தகடு வளையாதா என்று கேள்வி மேல் கேள்வி. வேலைப்பாடு தெரிந்த கைகளுக்குப் பேச அதில் விஷயம் இருந்தது.

இன்னொரு நாள் எல்லோரும் ராமநாதபுரம் அரண்மனைக்குப் போய் ராமலிங்க விலாசம் பார்த்தோம். 18-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்துச் சுவரோவியங்கள். முத்து விஜய ரகுநாத சேதுபதி அரியணையில் இருக்கிறார், ஐரோப்பியர்களைச் சந்திக்கிறார், தஞ்சை மராத்தியரோடு போர் நடக்கிறது. பேனர் ஆர்ட்டிஸ்ட் வெகுநேரம் அண்ணாந்து பார்த்துவிட்டு, "இதுவும் பேனர்தான் சார். கழட்ட முடியாத பேனர்" என்றார். தலைவர் பெரிதாக, சுற்றி நிற்பவர்கள் சிறிதாக. மேலே போகப் போகச் சாமி. அளவு வைக்கும் கணக்கு அப்படியே இருக்கிறது. கிளைச் செயலாளர் படம் மூலையில் எவ்வளவு பெரிசு என்று இன்றைக்கும் அடிதடி நடப்பது எதனால் என்று அங்கே நின்றபோது எனக்கு விளங்கியது.

அந்தப் பயணத்துக்குப் பிறகுதான் எங்களுடைய நல்ல வேலை பிறந்தது. ஓலை முடையும் அக்காமார்களில் மூத்தவர், பேனரை இரண்டு விரல் அகலக் கீற்றாக வெட்டி முடைந்தால் என்ன என்று கேட்டார். ஒரு தலைவரின் முகத்தை நெடுக்கில் கீற்றாக்கிப் பாவாக வைத்தோம். எதிர்க்கட்சித் தலைவரின் முகத்தைக் குறுக்கில் வெட்டி ஊடையாகக் கொடுத்தோம். முடைந்து முடித்து, சுவரில் சாய்த்துப் பத்தடி தள்ளி நின்று பார்த்தால் இருவருமே இல்லை. யாரோ ஒரு மூன்றாம் ஆள் சிரித்துக்கொண்டிருந்தார். இவர் என் மாமனார் சாயல் என்றார் ஒருவர். இன்னொருவருக்கு அது பழைய நடிகர். பதினெட்டுக்குப் பதினான்கு அடி வரை அதை வளர்த்தார்கள். முடைந்ததும் பாய், படகில் ஏற்றுவதும் பாய் என்பதால் 'பாய்' என்றே பெயர் வைத்தோம். கடைசி நாளில் ஒரு வல்லத்தில் கட்டி ஏற்றுவது என்று திட்டம்.

இரண்டாவது வேலை 'கண்கள்'. இதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும்.

பழைய பேனர் கலைஞர்கள் முகத்தை முழுக்க முடித்துவிட்டுக் கடைசியில்தான் கண் திறப்பார்கள், சிற்பிகள் மாதிரி. எங்கள் பேனர் ஆர்ட்டிஸ்ட் முதல் நாளே சொல்லிவிட்டார்: "எதை வேணா வெட்டுங்க தம்பி. கண்ணு மேல கத்திரி போகக் கூடாது." ஓவியர் ஒத்துக்கொண்டார். பாய்க்கு வெட்டும்போது கண் வரும் கீற்றைத் தனியே எடுத்து வைத்தார்கள். அப்படிச் சேர்ந்த கண்கள் ஒரு பெட்டி நிறைய. அதைப் பார்த்த ஓவியருக்கு வேறொன்று தோன்றியது. வாக்கை மீறவில்லை, கண் மேல் கத்திரி போகவில்லை. கண்ணைச் சுற்றிப் போயிற்று. 46 ஜோடிக் கண்களை ஒரு பழைய வலையில் தங்கூசியால் கோத்துத் தொங்கவிட்டார். பார்க்க உண்மையிலேயே பலமாக இருந்தது. வலை அசைந்தால் எல்லாக் கண்ணும் நம்மைத் தேடும். பேனர் ஆர்ட்டிஸ்டிடம் கேட்காமல் செய்தது. நானும் கேட்கச் சொல்லவில்லை.

கண்காட்சியும் தகராறும்

ஆகஸ்ட் கடைசி வாரம், மூன்று நாள். இடம், கரையில் இருக்கும் மீன் ஏலக்கூடம். காலையில் ஏலம் முடிந்து கழுவிவிட்ட பிறகு, மூன்று மணியிலிருந்து ஏழு வரை எங்களுக்கு. முதல் நாள் கூட்டம் நன்றாக இருந்தது. பெரும்பாலும் ஊர்ப் பெண்களும் பிள்ளைகளும். 'பாய்' முன்னால் நின்று இது யார் என்று பந்தயம் கட்டினார்கள்.

இரண்டாம் நாள் ஐந்து மணிக்கு ஒரு கட்சியின் உள்ளூர்ப் பொறுப்பாளரும் நான்கு இளைஞர்களும் வந்தார்கள். நேராக 'கண்கள்' முன்னால் போய் நின்றார்கள்.

"எங்க தலைவர் கண்ண மட்டும் நோண்டி எடுத்து வலையில கட்டித் தொங்கவிட்டுருக்கீக. தோத்துட்டோம்னு நக்கலா? இல்ல, செய்வினை கிய்வினையா?"

ஓவியர் கருத்துச் சுதந்திரம் என்று ஆரம்பித்தார். நான் கையைப் பிடித்து நிறுத்தினேன். பொறுப்பாளரை உட்காரச் சொல்லி டீ வாங்கிக் கொடுத்துவிட்டு, எது உங்கள் தலைவருடையது என்று காட்டுங்கள், அதை மட்டும் எடுத்துவிடுகிறோம் என்றேன். அவர் எழுந்து வந்து வெகுநேரம் பார்த்துவிட்டு ஒரு ஜோடியைக் காட்டினார். அதுவரை மூலையில் பேசாமல் நின்ற பேனர் ஆர்ட்டிஸ்ட், "அது அவுக இல்லண்ணே. இவுக" என்று எதிர்க்கட்சித் தலைவரின் பெயரைச் சொன்னார். "எட்டுத் தேர்தலுக்கு வரைஞ்சிருக்கேன், எனக்குத் தெரியாதா?" யாரோ சிரித்துவிட்டார்கள். அந்தச் சிரிப்பு நிலைமையைக் கெடுக்கவும் செய்தது, தணிக்கவும் செய்தது.

பொறுப்பாளர் சொன்னதில் ஒரு பாதி சரி என்பதை இங்கே எழுதியாக வேண்டும். அங்கே இருந்த 46 ஜோடியில் 30-க்கு மேல் தோற்ற பக்கத்துக் கண்கள். நாங்கள் தேர்ந்தெடுத்தது இல்லை, கிடைத்தது அப்படி. ஆனால் பார்க்கிறவருக்குக் கிடைத்த விதம் தெரியாது. கடற்கரையில், வலைக்குள், அறுத்தெடுத்த கண்கள். அதைச் செய்வினை என்று ஒருவர் படித்தால் அவருக்குக் கலை தெரியாது என்று சொல்வது சோம்பேறித்தனம்.

பேனர் கொடுத்தவர் யார் என்றும் கேட்டார். அவருடைய கிளைக்காரர்தான் ஆட்டோவில் ஏற்றி அனுப்பினார். எங்களிடம் எழுத்தில் எதுவும் இல்லை. அவர் பெயரைச் சொன்னால் அவருக்குத் தொல்லை, சொல்லாவிட்டால் நாங்கள் திருடியது போல. சொல்லவில்லை.

அன்றிரவு உட்கார்ந்து பேசினோம். எடுத்துவிடலாம் என்பது பெண்களின் கருத்து. வைத்தே தீர வேண்டும் என்றார் ஓவியர். என் கணக்கு வேறு: விடியற்காலை ஐந்து மணிக்கு அங்கே ஏலம் நடக்க வேண்டும், எங்களால் ஏலக்கூடத்தில் கைகலப்பு வந்தால் இழப்பு படகுக்காரர்களுக்கு. கடைசியில் பாசி அக்கா ஒருவர்தான், "திருப்பிப் போட்டுருங்க, சார். எங்க வீட்டுல அப்பிடித்தானே போட்டுருக்கோம்" என்றார். வலையைத் திருப்பி, கண்கள் சுவரைப் பார்க்க, வெள்ளைப் பக்கம் வெளியே தெரிய மாட்டினோம். 46 ஜோடி வெள்ளைத் துண்டுகள். மூன்றாம் நாள் பெரியவர்கள் அதைத் தாண்டிப் போனார்கள். பிள்ளைகள் மட்டும் சுவருக்கும் வலைக்கும் நடுவே நுழைந்து பார்த்துவிட்டு ஓடினார்கள். ஓவியருக்கு என் மேல் இன்னும் வருத்தம் உண்டு.

'பாய்' கடலுக்குப் போகவும் இல்லை. மூன்று நாளாக அது தொங்கிய இடத்துத் தரையில், வெட்டிய ஓரங்களிலிருந்து வெள்ளையாகத் தூள் கொட்டியிருந்தது. கூட்டியபோது அதைக் கவனித்தவர்கள் பெண்கள்தான். மிதவைகள் இருக்கும் கடலில் இதைக் கொண்டுபோய்க் காற்றில் அடிக்கவிட்டால் தூளெல்லாம் பாசியில்தான் உட்காரும், பிளாஸ்டிக் கலந்த பாசியை யாரும் எடுக்க மாட்டார்கள் என்றார்கள். மறுபேச்சு இல்லாமல் திட்டத்தைக் கைவிட்டோம். படம் எடுக்க மதுரையிலிருந்து வந்திருந்த நண்பருக்கு ஏமாற்றம்.

நவம்பர் மழை

எல்லாவற்றையும் சுருட்டி என் வீட்டுப் பின்கட்டில் வைத்தோம். நவம்பர் 20 அன்று ராமேசுவரத்தில் ஒரே நாளில் 40 சென்டிமீட்டருக்கு மேல் மழை. பாம்பன், தங்கச்சிமடம், மண்டபம் எங்கும் அதே கொட்டு. எங்கள் ஊரில் தாழ்ந்த தெருவில் இடுப்பளவுத் தண்ணீர். பட்டறையில் வேலை செய்த அக்காமார்களில் இருவர் சாயங்காலம் நனைந்தபடி வந்து, "அந்தப் பேனரக் குடுங்க சார், கூரை போயிருச்சு" என்றார்கள்.

முதலில் கைக்குக் கிடைத்தது 'பாய்'. ஓவியரே எடுத்துக் கொடுத்தார். கொண்டுபோய் விரித்துப் பார்த்தால் முடைந்த இடுக்கெல்லாம் தண்ணீர் ஒழுகுகிறது. கலையான பிறகு அது மழைக்கு ஆகவில்லை. திரும்பக் கொண்டுவந்துவிட்டார்கள். வெட்டாமல் மிச்சமிருந்த பதினோரு முழுப் பேனர்தான் அன்றைக்கு ஏழு வீட்டுக்கு உதவியது. இருட்டில், காற்றில், எந்தப் பக்கம் முகம் என்று யாரும் பார்க்கவில்லை. விடிந்து நான் போனபோது ஒரு வீட்டுக் கூரையில் ஒரு முன்னாள் வேட்பாளர் கைகூப்பி வானத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். பக்கத்து வீட்டில் இன்னொருவர் தலைகீழாக. ஒரு வாரம் கழித்து வெயில் வந்ததும் இரண்டையும் திருப்பிக் கட்டியிருந்தார்கள்.

இன்னொரு முறை செய்தால்

பேனர் வாங்கும்போது கொடுப்பவரிடம் ஒரு வரி எழுத்தில் வாங்குவேன். என்ன செய்யப்போகிறோம் என்பதையும் அதில் எழுதுவேன். தேர்தல் முடிவுக்குப் பிறகு சேகரிக்கத் தொடங்கினால் தோற்றவர்கள் முகம்தான் வரும். ஆகவே அறிவிப்பு வந்த 72 மணி நேரத்துக்குள், எல்லோருடைய பேனரும் இறங்கும்போதே சேர்த்துவிட வேண்டும்.

பேனர் ஆர்ட்டிஸ்ட்டை ஆலோசனைக்காரர் என்று வைத்துக்கொண்டு, அவர் சொன்ன ஒரே நிபந்தனையை எழுத்தளவில் மட்டும் காப்பாற்றினோம். அவர் பிறகு பட்டறைக்கு வரவில்லை. அவருக்கு ஃபிளெக்ஸ் கொடுக்காமல் துணியும் பொடி வண்ணமும் கொடுத்திருக்க வேண்டும். அது எனக்குத் தெரியாத விஷயம் இல்லை, ஓவிய ஆசிரியன்தானே. அவரை வைத்து ஃபிளெக்ஸைக் குற்றம் சொல்லும் ஆசை எங்களுக்கு அதிகம் இருந்தது.

சேகரித்ததில் பாதியை வெட்டக் கூடாது. மழைக்கு முன்னால் அதைக் கேட்கிற வீடுகளுக்குக் கொடுத்துவிட வேண்டும். கண்காட்சியை ஏலக்கூடத்தில் வைத்ததை மட்டும் மாற்ற மாட்டேன். பார்க்க வேண்டியவர்கள் அங்கேதான் இருந்தார்கள், சண்டை போட வேண்டியவரும் அங்கேதான் வந்தார்.

வெட்டுத்துண்டுகளை என்ன செய்வது என்பதைத் தொடங்கும் முன்பே யோசித்திருக்க வேண்டும். பழைய இரும்புக் கடைக்காரர் எடுக்கவில்லை. நூலும் பிவிசியும் பிரியாது. மதுரைப் பேராசிரியர் ரா. வாசுதேவன் கண்டுபிடித்த பிளாஸ்டிக் சாலைக்குக் கொடுக்கலாமா என்று விசாரித்தோம். தாரோடு சூடாக்க வேண்டும் என்பதால் அதில் பிவிசி சேர்க்கக் கூடாது. எரிக்கவும் முடியாது, புதைக்கவும் மனமில்லை. மூன்று மூட்டை இன்னும் என் பின்கட்டில் இருக்கிறது. நனையாமல் இருக்க மேலே போட்டிருப்பதும் ஒரு பேனர்தான், வெள்ளைப் பக்கம் மேலே.